பாலைவனத் தேளின் நல்லடக்கம்

கியா பார்ம் என்ற குளிர்மலை ஊரில் சுற்றுப்பயணிகளுக்குப் பூச்சி காட்டும் பண்ணையில் ஞானசுந்தரம் தேள்துறைப் பேராசிரியர். யாரும் நியமிக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் ‘தேள் மாஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள், அவரும் மறுக்கவில்லை.

கண்ணாடித் தொட்டியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பாலைவனத் தேள். காய்ந்த மணல், மேலே சூட்டு விளக்கு. மாஸ்டர் ஸ்வெட்டருக்குள் நடுங்க, தேள் மட்டும் அரபு நாட்டில் இருந்தது.

“பகல்லாம் குழிக்குள்ள படுத்துக்கும். இரை நடந்தா உடம்புல உள்ள முடியாலயே கண்டுபிடிச்சிடும். குட்டிங்கள முதுகுல சுமக்கும். வளரும்போது சட்டையக் கழட்டுற மாதிரி தோல உரிக்கும்லா.” தினமும் இதே பிரசங்கம்.

இந்த ஆண்டு தேள் திடீரென்று சாப்பாட்டை வெறுத்தது. வெட்டுக்கிளி முதுகில் ஏறி நடந்தும் தொடவில்லை. ஒரு காலை, குழிவாயில் அசையாமல் கிடந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை.

“பட்டினியிலயே இளைச்சுப் போயிருச்சே!” என்று மாஸ்டர் உடைந்தார்.

அடக்கம் முறைப்படி நடந்தது. பிஸ்கட் டின் சவப்பெட்டி. பக்கத்தில் ஸ்ட்ராபெரி விற்கும் துளசி செவ்வந்தி மாலை தந்தார். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் பாடினார்கள். தேயிலைச் செடியின் கீழ் புதைத்துவிட்டு, வந்தவர்களுக்குத் தேநீரும் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டும். மாஸ்டர் இரங்கலுரையில் தேளின் முழு வாழ்க்கையையும் சொன்னார், தோலுரிப்பது உட்பட. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

விளக்கை அணைக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. சில நாள் கழித்து, துக்கம் விசாரித்த பெண்களைக் காலித் தொட்டியருகே அழைத்துப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணல் அசைந்தது. குழிக்குள்ளிருந்து தேள் வந்தது. முன்னைவிடப் பெரிசு; மேனி பளபளவென்று புதுசு.

“ஈஸ்டருக்கு இன்னும் நாள் கெடக்கே மாஸ்டர்,” என்றார் துளசி. “அப்ப நாம யாரைப் பொதைச்சோம்?”

“அது கழட்டிப் போட்ட சட்டைய,” என்றார் மாஸ்டரின் மனைவி பார்பரா. “நான் அழுதழுது கண்ணே வீங்கிப் போச்சுங்க.”

மாஸ்டருக்குத் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது. தேளுக்காவது குழி இருந்தது.

இப்போது தோண்டியெடுத்த தோல் தொட்டியருகே காட்சிக்கு இருக்கிறது. தலைப்பக்கம் பிளந்திருப்பது குழந்தைக்குக்கூடத் தெரிகிறது. பிரசங்கம் மாறவில்லை. தோலுரிக்கும் இடம் வந்தால் மட்டும் அவர் பார்வை காலணிக்கு இறங்குகிறது, குரல் தொண்டைக்குள் போய்விடுகிறது.

பக்கத்துக் கடையிலிருந்து துளசி விடுவதில்லை: “சத்தமா சொல்லுங்க மாஸ்டர், காதுல விழலைலா!”