புள்ளிக்கோட்டுக்கு வெளியே ஒரு கிணறு

அலுவலகத்தில் அவளுக்குப் ‘பெட்டி’ என்று பெயர். பெற்றோர் இட்ட பெயர் சம்பளச் சீட்டில் மட்டுமே வாழ்ந்தது. எதைக் கேட்டாலும் ஒரு பெட்டி வரைந்து, அதிலிருந்து ஓர் அம்புக்குறியை இழுத்து இன்னொரு பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகே வாய் திறப்பாள் என்பதால் வந்த பட்டம் அது. தமக்கை மகளின் திருமண விருந்தில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதற்கும் அவளே படம் வரைந்து கொடுத்தாள். அதில் மாப்பிள்ளைக்கு இடம் விட்டுப்போனதை வீட்டார் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

துணிகளுக்குச் சாயமேற்றும் பெரிய ஆலை அது. ஆர்டர், சரக்கு, இயந்திரம், தண்ணீர் மீட்டர் என்று ஆலையிலிருந்த மென்பொருள்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்று வகுப்பது அவள் பணி. ஆலைக்குப் பின்னால் ஓர் ஆறு. அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது அன்றன்றைய சாயத்தை உடுத்திக்கொண்டு ஓடியது. சன்னல் ஓரத்தில் அமர்ந்திருந்த அவளுக்கு அதைப் பார்த்துப் பார்த்து மனம் புண்ணாகிப்போயிற்று.

ஆகவே ஒரு விதி செய்தாள். எந்த ஆர்டர் வந்தாலும், அதை எந்தெந்த வழியில் முடிக்கலாம், ஒவ்வொரு வழியிலும் எவ்வளவு தண்ணீர் செலவாகும், எவ்வளவு கழிவு மிஞ்சும் என்று மென்பொருளே கணக்கிட வேண்டும். கேடு குறைந்த வழிக்கே ஆர்டர் போக வேண்டும். விற்பனைப் பிரிவின் செல்வாக்குக்கு அதில் இடமில்லை. முனகினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் ஆறு தன் சாய உடையைக் களைந்தது. கொக்குகள் வந்து நின்றன. இயக்குநர் விருந்தினரை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய்ப் பெருமையடித்துக்கொண்டார். அவளுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. அதைச் சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவள் வரைந்த படத்தைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு இருந்தது. கோட்டுக்குள் இருப்பது ஆலை. வெளியே இருப்பது பிறர். அப்படிக் கோடு இழுக்காவிட்டால் படம் முடியாது, உலகம் முழுவதையும் வரைந்துகொண்டிருக்க வேண்டியதுதான். மிஞ்சிய வேலையை வாங்கிச் செய்யும் சிறு சாயப்பட்டறைகள் கோட்டுக்கு வெளியே ஒரே பெட்டியாக நின்றன. அங்கே மீட்டர் இல்லை. எண் எதுவும் வராது. எண் வராத இடத்தில் கணக்கு நின்றுவிடக் கூடாதே என்று, அங்கெல்லாம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளுக்குச் சொல்லிவைத்திருந்தாள்.

அந்தப் பட்டறைகளுள் ஒன்று அவள் தமக்கையின் கணவருடையது.

தமக்கைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஒரு விடுமுறை நாளில் போனாள். நகரின் மறுகோடியில் குறுகிய தெரு. வீடு முன்னால், பட்டறையும் அதன் கழிவுக் குழியும் பின்னால், இடையில் கிணறு.

“வாடி பெட்டிக்காரி! வாசல் எந்தப் பக்கம்னு படம் போட்டுப் பாத்துட்டு வந்தியா? எவ்வளவு நாளாச்சு உன்னைப் பாத்து!”

“கால் ஏன்க்கா இப்படி வீங்கிக் கிடக்கு?”

“செருப்பு வாங்கற செலவு மிச்சம். எதுவும் நுழையல.” தமக்கை சிரித்தாள், சிரிப்பு பாதியில் மூச்சாயிற்று. “சிறுநீரகம் களைச்சுப்போச்சாம். தண்ணியை மாத்தச் சொல்றார் டாக்டர். இந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணி எப்பவாவது வந்து எட்டிப்பாக்கும். மாத்தறதுக்கு எங்க போறது?”

தமக்கையின் கணவர், அவளுக்கு மாமா, ஈரக் கையோடு உள்ளே வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. “உன் கம்ப்யூட்டருக்குக் கோயில் கட்டணும்மா! முன்னெல்லாம் வெளிர் சாயம்தான் நமக்கு வரும். இப்ப அடர் நீலம், கறுப்பு, அத்தனையும் இந்தத் தெருவுக்குத்தான். மூச்சுவிட நேரமில்ல!”

கை கழுவக் கிணற்றடிக்குப் போனவள் ஒரு வாளி இறைத்துவிட்டு அப்படியே நின்றாள். தண்ணீர் நீலமாக இருந்தது. அந்த நீலத்தை அவள் அறிவாள். ஒரு பெரிய நிறுவனத்தின் சீருடைக்கான ஆர்டர். சென்ற வாரம் திரையில் பார்த்தது. மென்பொருள் பொய் சொல்லவில்லை. கழிவு குறைந்த வழியைத் தேடு என்றாள். பூஜ்யத்தைவிடக் குறைந்தது எது? மிகக் கொடிய சாயங்களை எல்லாம் பொறுக்கியெடுத்து, ஆற்றைக் காப்பாற்றி, அக்காளின் கிணற்றுக்கு அனுப்பியிருந்தது. மாப்பிள்ளைக்கு இடம் போட மறந்த அதே கைதான் இதையும் வரைந்திருந்தது.

“இதையாக்கா குடிக்கறீங்க?”

“வடிகட்டிக் காய்ச்சித்தான். நிறம் மட்டும் போகாது. அது பழகிடுச்சு.”

மறுநாள் இயக்குநர் அறைக்குப் போனாள்.

“கோட்டை நகர்த்தணும் சார். பட்டறைகளையும் உள்ள கொண்டுவரணும்.”

“கோட்டை நகர்த்தினா நம்ம கழிவு எண்ணும் நகருமேம்மா.”

“நகரட்டும் சார். எண் சுத்தமா இருக்கு, கிணறு நாறுது. அந்தத் தெருவுக்குப் பொதுவா ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டிக் குடுத்தா...”

“அதெல்லாம் அடுத்த வருஷம் பாக்கலாம். கோட்டை வேணும்னா இன்னைக்கே நகர்த்துங்க. மீட்டர் இல்லாத பட்டறைக்கு ஆர்டர் இல்ல. எண்ணும் நகராது, உங்க மனசும் ஆறும். சரிதானே?”

அவர் இவ்வளவு எளிதில் இணங்கியது அவளுக்கு அச்சமூட்டியது. அந்தத் தெருவில் எவரிடமும் மீட்டர் வாங்க வசதியில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஒரு பக்கம் மாமாவின் பிழைப்பு. இன்னொரு பக்கம் அக்காளின் உயிர். இருக்கைக்குத் திரும்பி நெடுநேரம் கை கட்டி அமர்ந்திருந்தாள். பிழைப்பு வேறு கிடைக்கும், அக்காள் வேறு கிடைக்கமாட்டாள் என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டு கோட்டை நகர்த்தினாள். அக்காள் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மாமா தொலைபேசியில் அழைத்தார். “யாரும்மா கை வச்சது? பட்டறை பட்டுனு நின்னுபோச்சு.”

“நான்தான் மாமா. அக்காவுக்காக...”

“சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்மா. கடன் குடுத்தவன்கூட வாய்தா குடுப்பான்.”

அதற்குப் பிறகு தமக்கை அவள் அழைப்புகளை எடுக்கவில்லை. அவள் திரையைப் பார்த்தபடி நாட்களைத் தள்ளினாள். அந்தத் தெருவுக்குப் போன ஆர்டர்: பூஜ்யம். இம்முறை மெய்யான பூஜ்யம். ஒரு மழைக்காலம் கழிந்ததும், இனிக் கிணறு தெளிந்திருக்கும் என்று எண்ணி, துணிவை வரவழைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

வாளியில் வந்த தண்ணீர் பச்சையாக இருந்தது.

அந்தப் பச்சையையும் அவள் அறிவாள். அந்த ஆர்டர் அன்று காலைதான் முடிந்ததாகத் திரையில் வந்தது. முடித்துக்கொடுத்தது மீட்டரும் சான்றிதழும் பெற்ற ஒரு புதிய நிறுவனம். அதன் முகவரி இந்தத் தெருவுக்கு வெகு தொலைவில்.

மாமா அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “ஏஜென்ட் ஒருத்தன் வந்தான். அவன் இடத்துல மீட்டர் இருக்கு, ஒரே ஒரு தொட்டி இருக்கு. உங்க ஆளுங்க அதைப் பாத்துட்டுப் போயிடுவாங்க. வேலை பின்வாசல் வழியா இங்க வருது. கூலி பாதி. முன்னெல்லாம் கழிவுக் குழிக்கு மருந்தாவது போடுவேன். இப்ப அதுக்கும் வக்கில்ல.”

தமக்கை உள்ளறையில் படுத்திருந்தாள். வாரத்தில் மூன்று நாள் அவள் இரத்தத்தை மருத்துவமனை இயந்திரம் ஒன்று கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சாய்ந்தபடியே கட்டிலின் ஓரத்தைத் தட்டிக் காட்டினாள்.

“திட்டறதுக்குத் தெம்பில்லடி. உக்காரு. நீ கோடு போடு, வேணாம்னு சொல்லல. எங்க போடப்போறேன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடு. நாங்க எந்தப் பக்கம் நிக்கறோம்னு தெரிஞ்சுக்கறோம்.”

பழக்கத்தில் அவள் கை பைக்குள் பென்சிலைத் தேடியது. மருந்து உறையின் பின்புறத்தில் வரையத் தொடங்கினாள். ஆலை, ஏஜென்ட், பட்டறை, கிணறு. கிணற்றிலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி, எங்கும் போய்ச் சேராமல் நின்றது.

தமக்கை எட்டிப் பார்த்தாள். “என்னை எங்கடி உக்காரவச்சிருக்க? மாப்பிள்ளை மாதிரி விட்டுட்டியா?”

அவள் கடைசிப் பெட்டியை வரைந்தாள். அம்புக்குறியை அதில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

“ம். இப்ப சரி.” தமக்கை கண்களை மூடிக்கொண்டாள். “எழுந்துபோய் அந்தத் தண்ணியை வடிகட்டி அடுப்புல வை. மாத்திரை போடணும்.”

அவள் துணியால் வடிகட்டி அடுப்பில் ஏற்றிவிட்டு, அருகிலேயே நின்றாள். தண்ணீர் கொதித்தது. நன்றாகக் கொதித்தது. பச்சை போகவில்லை.