கும்பத்தடியில் ஒரு வைரஸ் மெசின்

போன கிழமை ஓர் ஆஸ்பத்திரியின் நவராத்திரி வாணி விழாவில் நின்றேன். அழைப்பிதழ் கிடைத்துப் போகவில்லை. காய்ச்சலோடு போனேன். காய்ச்சல் எனக்கில்லை... அக்காவின் மகள் தர்சினிக்கு.

எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் வன்னியில்தான், ஏ-9 வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே. இதற்கு மேல் சொன்னால், அடுத்த முறை எனக்கு ஊசி போடுகிறவர் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

தர்சினி ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு முந்தின நாளே காய்ச்சல் தொடங்கியிருந்தது. இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். உருத்திரபுரத்தில் விதைப்பில் நின்ற புருஷன் புழுதிக் காலோடு ஓடி வந்திருந்தான். பார்த்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அவருடைய முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

“டெங்குவும் ஓடுது, எலிக்காய்ச்சலும் ஓடுது. ஆனா இது இன்ஃபுளுவென்சா மாதிரிக் கிடக்கு. அப்பிடியெண்டா, பிள்ளை வயித்தில இருக்கேக்க மருந்து கெதியாத் தொடங்க வேணும். மருந்து பெரியாஸ்பத்திரியிலதான் இருக்கு. ரிசல்ட் இல்லாமல் அவை தரமாட்டினம்.”

“அப்ப ரிசல்ட்டை எடுங்கோவன் டொக்டர்” என்றாள் அக்கா.

நியாயமான கதைதானே? இரண்டு வருடத்துக்கு முன்னர் என்றால் முடியாது. அப்போது மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளி, தூரத்து லாப்புக்கு வாகனம் ஏறிப் போகும். ரிசல்ட் நடந்து வரும். அதற்குள் காய்ச்சல் போயிருக்கும் — அல்லது ஆள் போயிருப்பார்.

இப்போது அப்படியில்லை. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் காசு சேர்த்து ஒரு மெசின் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு ரைஸ் குக்கர் அளவுதான். குச்சியைச் சின்னப் பெட்டி ஒன்றுக்குள் நனைத்து உள்ளே தள்ளினால், ஒரு பிளேன்ரீ குடித்து ஆறுவதற்குள் எந்த வைரஸ் என்று சொல்லிவிடும். லாப்பும் வேண்டாம், குளிர் அறையும் வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு முரசுமோட்டைக்கும் போகலாம், மாங்குளத்துக்கும் போகலாம் என்று திறப்பு விழாவில் பேசினார்கள்.

மெசின் எங்கும் போகவில்லை. பழுதாகிவிடும் என்று பயந்து கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பாவிக்காத பொருள் பழுதாகாது என்பது எங்கள் அலுவலகங்களின் ஆழமான நம்பிக்கை.

அன்றைக்கு அலுமாரியிலும் இல்லை. எங்கே என்று டொக்டர் கேட்க, ஸ்டோர்ப் பொறுப்பாளர் மண்டபப் பக்கம் கையைக் காட்டினார். மண்டபத்தில், கும்பத்துக்குப் பக்கத்தில், பட்டுத் துணி போர்த்து, சந்தனப் பொட்டோடு, தலையில் ஒரு செவ்வந்திப் பூவோடு மெசின் கொலுவிருந்தது!

“கும்பத்தடியில வைச்சாச்சு டொக்டர். இனி விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம். தெய்வக் குற்றம் வந்தா ஆர் பதில் சொல்லுறது?”

“இந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது?” என்றார் டொக்டர்.

பொறுப்பாளர் கும்பத்தைப் பார்த்துக் கைகூப்பினார். “அதுக்கும் சேர்த்துத்தானே அம்பாளைக் கும்பிடுறம்...”

பூசையில் வைத்த புத்தகத்தைத் தொடக்கூடாது என்று சின்ன வயதில் எங்களுக்கும் சொன்னார்கள். அந்த மூன்று நாளும் எங்களைப் போல பக்தர்கள் உலகத்திலேயே இல்லை. கணக்குப் புத்தகத்தைத்தான் முதலில் கொண்டுபோய் வைப்போம். ஆனால் புத்தகம் மூடிக் கிடந்தால் ஒரு பெண்ணுக்கு மூச்சு முட்டாது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பட்டுத் துணியை இழுத்து எறிந்திருப்பேன். அக்காதான் கையைப் பிடித்தாள். “தம்பி, இஞ்ச சண்டை பிடிச்சா பிறகு பிள்ளையைப் பாக்கமாட்டாங்கள்.”

அந்த நேரத்தில்தான் பிரதம விருந்தினர் வந்தார். பெரிய பதவி, பெரிய வாகனம். மாலை விழுந்தது. அவல் கடலைத் தட்டு நீட்டப்பட்டது. இரண்டு பிடி வாயில் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தவர், “கிராமத்து மக்களுக்கும் நவீன மருத்துவம்...” என்று தொடங்கி இருமினார். இருமினார்... இருமிக்கொண்டே இருந்தார்.

மண்டபம் பதறியது. “ஐயாவுக்கு நாளைக்குக் கொழும்பில மீற்றிங் இருக்கு!” என்று அவருடைய உதவியாளர் ஓடி வந்தார்.

ஸ்டோர்ப் பொறுப்பாளரைப் பார்க்க வேண்டுமே! பட்டுத் துணி பறந்தது. பூ ஒரு பக்கம், பொட்டு ஒரு பக்கம். “ஆபத்துக்குப் பாவமில்லைத்தானே டொக்டர்? கெதியாச் செய்யுங்கோ!”

டொக்டர் மெசினை வாங்கிக்கொண்டார். ஆனால் விருந்தினர் பக்கம் திரும்பவில்லை.

“இவ்வளவு நாளும் பூட்டிக் கிடந்த சாமான். எடுத்த எடுப்பில ஐயாவுக்குச் செய்யலாமோ? முதல்ல ஆரிலையாவது ஒருக்காச் செய்து பாக்க வேணாமோ?”

“ஓமோம்! அந்தப் பிள்ளையில செய்து பாருங்கோ!” பொறுப்பாளரே தர்சினியைக் காட்டினார்.

பாருங்கள்... நோயாளியாக இருந்தபோது கிடைக்காத சோதனை, பரிசோதனை எலியானதும் கிடைத்துவிட்டது. டொக்டர் என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

இன்ஃபுளுவென்சாதான். பொழுது படுவதற்குள் அம்புலன்ஸ் மருந்தோடு வந்தது. இப்போது தர்சினி எழும்பி இருக்கிறாள், சோறு கேட்கிறாள். வயிற்றுக்குள் இருப்பவரும் உதைக்கிறாராம். நானும் மனதாரக் கும்பிட்டேன் — வாணியை மட்டுமல்ல, அந்த டொக்டரையும்.

பிரதம விருந்தினருக்கு? ஒரு வைரஸும் இல்லை. தொண்டையில் கடலைத் தோல். அதைக் கண்டுபிடிக்கிற மெசின் இன்னும் வரவில்லை. தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது. விட்ட இடத்தில் இருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

நேற்றுப் பார்க்கப் போனபோது தர்சினி கேட்டாள்: “மாமா, அந்தப் பெரியவர் இருமாமல் விட்டிருந்தா என்ர பாடு என்ன?”

ஆகையால் பெரியவர்களிடம் ஒரு தாழ்மையான வேண்டுகோள்: திட்டமும் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம்... இடைக்கிடை இந்தப் பக்கம் வந்து ஒருக்கால் இருமிவிட்டுப் போங்கள்!