இன்னொருவரின் இறப்பு வருடம்

கணினித் திரையில் தன் பெயருக்குப் பக்கத்திலிருந்த வருடத்தை அந்தப் பெரியவர் விரலால் தொட்டுப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எங்கள் நூலகப் பட்டியலின்படி, அவர் இறந்துபோன வருடம் அது.

மன்னாரிலிருந்து படகேறி வந்து மண்டபம் முகாமில் வாழ்ந்தவர். ஊரில் இருந்தபோது இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் எழுதியிருந்தார். அவரிடம் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. இராமநாதபுரத்தில் எங்கள் கல்லூரி நூலகத்தில் அவை இருப்பதாகக் கேள்விப்பட்டு மகள் அழைத்து வந்திருந்தார். புத்தகங்கள் இருந்தன. ஆனால் அதே பெயரில் தொண்டியில் ஒருவர் சித்த வைத்தியம் பற்றி எழுதிவிட்டு எப்போதோ இறந்திருந்தார். பட்டியல் இருவரையும் ஒருவராக்கியிருந்தது.

"பரவாயில்லை பிள்ளை, எனக்கு வைத்தியமும் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. பிறகு அவரே மெல்ல, "ஏலுமெண்டா மாத்திவிடுங்கோ" என்றார்.

முன்பெல்லாம் எந்தப் பெயர் யாருடையது என்று சரிபார்க்கவே தனியாக ஓர் ஆள் இருந்தார். அந்தப் பணியிடம் போய்விட்டது. பட்டியலைத் திருத்த வரும் நிறுவனம் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் கேட்டது. ஆகவே திருத்தங்களைச் சேர்த்து வைத்து, ஆண்டுக்கொருமுறை மொத்தமாகக் கொடுப்பார் எங்கள் நூலகர் மேடம். அதைக் குறை சொல்ல முடியாது. இல்லாவிட்டால் புதுப் புத்தகம் வாங்கப் பணம் இருக்காது. "இவரு பேர முதல்ல வையிம்மா, நான் பேசிப் பாக்குறேன்" என்றார். பேசியும் பார்த்தார். ஒரு பெயருக்காக வர அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"மாத்தியாச்சோ அக்கா? அப்பா கேக்கிறார்" என்று மகள் இடையிடையே போன் செய்வார். ஒருவழியாக நிறுவனத்தின் ஆள் வரும் நாள் முடிவானதும் நானே மகளைப் போனில் அழைத்தேன். "அப்பா போன கிழமை செத்துப்போனார் அக்கா."

வந்த ஆள் தட்டச்சு செய்ய, நான் விவரங்களைச் சொன்னேன். பெயர், ஊர், பிறந்த வருடம். "இறந்த வருஷம் இருக்கா?" என்று கேட்டார். நான் மேடத்தைப் பார்த்தேன்.

"சொல்லும்மா. விட்டா திரும்பவும் அந்தத் தொண்டிக்காரரோட சேந்துரும்" என்றார் மேடம்.

சில நாள் கழித்து மகள் தனியாக வந்தார். திரையில் அப்பாவின் பெயருக்குக் கீழே இரண்டு புத்தகங்கள் மட்டுமே இருந்தன; பெயருக்குப் பக்கத்தில் அவருடைய இறப்பு வருடம். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான் கேட்க வேண்டியிருந்தது.

"சரியாத்தான் இருக்கு அக்கா" என்றார்.