பாஸ்கரன் தேர்ந்தெடுத்த இடம்

ஜெர்மன் மொழி பாஸ்கரனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விருத்தாசலத்தில் ரயில்வே குமாஸ்தாவின் மூன்றாவது மகனாகப் பிறந்து, சென்னையில் உலோகவியல் படித்து, உதவித்தொகையில் மியூனிக் வந்தவர். வந்த இரண்டாம் வருடமே பவேரியக்காரர்கள் பேசும் கொச்சையைக்கூடப் பிடித்துவிட்டார். ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டம் முடித்து அங்கேயே தற்காலிக வேலையில் சேர்ந்தார். மாயவரத்திலிருந்து வத்சலாவைக் கட்டிக்கொண்டு வந்தார். நிரந்தர வேலை மட்டும்தான் பாக்கி. அது பேராசிரியர் லிண்ட்னரின் ஒரு கையெழுத்தில் இருந்தது.

எண்பத்து மூன்றாம் வருடக் கடைசிவரை அவரைத் தெருவில் யாரும் நிறுத்தியதில்லை. அதற்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கே கடந்து, ஜெர்மனி முழுக்கப் பரவினார்கள். மியூனிக் ரயில் நிலையத்தில் போலீஸ்காரர்கள் பாஸ்கரனின் தோளைத் தொட்டுப் பாஸ்போர்ட் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். ஒரே குளிர்காலத்தில் ஐந்து முறை. ஐந்து முறையும் கோட்டும் டையும் போட்டிருந்தார். நிறுத்திய போலீஸ்காரர்கள் மீது அவருக்குக் கோபம் வரவில்லை. தன்னைப்போலவே தெரிகிற அந்த ஆட்கள் மீதுதான் வந்தது.

"இவங்க வர்றதுக்கு முன்னாடி நமக்கு எவ்வளவு மரியாதை இருந்தது, தெரியுமா?" என்பார்.

"பாவம், வீடு வாசல் எரிஞ்சு போய் வந்திருக்காங்க," என்பாள் வத்சலா.

"எரிஞ்சது இவங்க வீடு. கெட்டது நம்ம பேரு."

எண்பத்தைந்து பிப்ரவரியில் பேராசிரியர் அவரைக் கூப்பிட்டார். ஆய்வுக்கூடத்தார் வருடாவருடம், ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தகோஸ்தே விடுமுறையில் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்குவது வழக்கம். "இந்த முறை பவேரியக் காட்டுத் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். பூங்காவுக்குள் கூடாரம் போட அனுமதியில்லை. பக்கத்தில் நல்ல இடமாக நீங்கள் தேர்ந்தெடுங்கள், பாஸ்கரன்."

பாஸ்கரன் அதைப் பதவி உயர்வுபோல வாங்கிக்கொண்டார். வரைபடம் வாங்கினார். கேம்பிங் திடல்களின் பட்டியல் வாங்கினார். பூங்கா எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், வெந்நீர் உண்டா, நாய்க்கு அனுமதி உண்டா, பேராசிரியரின் கேரவன் வண்டி திரும்ப இடம் உண்டா என்று கட்டம் போட்டு எழுதினார். பதினோரு இடத்தை மூன்றாகக் குறைத்து, ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வத்சலாவையும் பழைய காரில் ஏற்றிக்கொண்டு நேரில் பார்க்கக் கிளம்பினார்.

முதல் இடம் ஒரு சிறிய ஏரிக்கரை. புல்வெளி முழுக்கக் காலி. வரவேற்பறையில் இருந்த பெண் அவரையும் வத்சலாவின் புடவையையும் பார்த்தாள். "இடமில்லை," என்றாள்.

"நான் கேட்பது பெந்தகோஸ்தேக்கு."

"அதற்கும் இல்லை."

அடுத்த ஊரில் தொலைபேசிக் கூண்டைப் பார்த்ததும் பாஸ்கரன் காரை நிறுத்தினார். அந்தத் திடலுக்கே போன் செய்து, சுத்தமான பவேரிய உச்சரிப்பில் அதே கேள்வியைக் கேட்டார். "தாராளமாக வாருங்கள், பாதி இடம் காலிதான்," என்றது அதே குரல். வைத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ரோடு ரொம்பப் பக்கம். சத்தமா இருக்கும்," என்றார். கட்டத்திலும் அப்படியே எழுதினார்.

இரண்டாவது இடம் நகராட்சியுடையது. மலிவுதான், ஆனால் வேலிக்கு அந்தப்புறம் மரம் அறுக்கும் ஆலை. மூன்றாவது திடல், ஊசியிலைக் காட்டின் ஓரத்தில் ஓர் ஓடையை ஒட்டி இருந்தது. பூங்கா எல்லைக்கு ஆறு கிலோமீட்டர். குளியலறைகள் பளிச்சென்று இருந்தன. உரிமையாளர் ஸ்டாட்லர் அறுபது வயதுக்காரர். பாஸ்கரன் நீட்டிய பெயர் அட்டையைப் படித்துவிட்டு, தொப்பியைத் தூக்கி, "வாருங்கள், ஹெர் டாக்டர்," என்றார்.

வேறெதையும் பாஸ்கரன் விசாரிக்கவில்லை. அந்த இடமே முடிவாயிற்று.

மே மாதக் கடைசியில் பதினோரு பேர் போய்ச் சேர்ந்தார்கள். காலை வெயில் எந்தப் பக்கம் விழும், பனி உருகினால் ஓடை எவ்வளவு ஏறும் என்று பாஸ்கரன் தட்டச்சு செய்து எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்திருந்தார். பேராசிரியரின் மனைவி மக்டலீன் நாற்காலியை மரத்தடியில் போட்டு உட்கார்ந்து, "இதைவிட நல்ல இடம் நாங்கள் பார்த்ததே இல்லை," என்றாள். அன்று முழுவதும் பாஸ்கரன் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

மறுநாள் பாத்திரம் கழுவப் போன வத்சலா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள்.

"என்னங்க, இங்கே ஒரு தமிழ் ஆள் வேலை செய்யறார். அல்பேர்ட்னு பேரு. யாழ்ப்பாணத்துக்காரர். நான் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே கழுவினேன். பின்னாடியிருந்து 'நீங்கள் தமிழோ அக்கா?'ன்னு கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பாவம், தமிழ் பேசி மூணு மாசம் ஆச்சாம். சாயங்காலம் சாப்பிடக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"நாம வந்திருக்கறது லிண்ட்னரோட. ஞாபகம் வெச்சுக்கோ."

ஆனால் அல்பேர்ட் கூப்பிடாமலே வந்தார். எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த நேரம், முப்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர், ரப்பர் பூட்ஸும் நீல மேலங்கியுமாக, ஒரு கட்டு விறகைத் தோளில் சுமந்து வந்தார். பாஸ்கரனின் கூடார வாசலில் இறக்கி வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"வணக்கம் அண்ணை. காய்ஞ்ச விறகாப் பாத்துக் கொண்டந்தனான். வேற ஏதும் வேணுமெண்டால் சொல்லுங்கோ."

பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்கரன் ஜெர்மனில், "நன்றி, அங்கே வை," என்றார்.

அல்பேர்ட் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தவர்போலக் கொஞ்சம் கிட்ட வந்தார். "அண்ணை, நீங்கள் தமிழ் எண்டு அக்கா சொன்னவ."

"எனக்குப் புரியவில்லை," என்றார் பாஸ்கரன், மறுபடியும் ஜெர்மனில்.

வத்சலா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். அல்பேர்ட் அவளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

"அது உங்கள் மொழி இல்லையா?" என்று கேட்டாள் மக்டலீன்.

"சிலோன் பேச்சு. எங்களுடையது முற்றிலும் வேறு."

மூன்றாம் நாள் விடியற்காலை, குளிக்கப் போயிருந்த பாஸ்கரனுக்குப் பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து பேச்சுக் கேட்டது. வத்சலா எலுமிச்சைச் சாதம் கொண்டுபோய் அல்பேர்ட்டிடம் கொடுத்துவிட்டு, கணவனுக்காக ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அதை விடுங்கோ அக்கா. அவருக்கு என்ன கரைச்சலோ," என்றார் அல்பேர்ட். பிறகு சாப்பிட்டபடியே தன் கதையைச் சொன்னார். குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவர். யோசப்பின் என்ற அவர் மனைவி மகளோடு மன்னாரில் ஒரு கோவில் மண்டபத்தில் இருக்கிறாள். "நான் அசூல் அடிச்சு, அகதியா ஏற்கச் சொல்லிக் கேட்டு, ஒண்டரை வருசம். அன்ராக், அந்த விண்ணப்பம், இன்னும் முடிவில்லாமக் கிடக்கு. என்னைப் போட்டிருக்கிறது டெக்கண்டார்ஃப் பக்கம். அந்த மாவட்டத்தை விட்டு வெளிக்கிட ஏலாது, வேலை செய்யவும் ஏலாது. சும்மா சுவரைப் பாத்துக்கொண்டிருந்தால் விசர் பிடிக்கும் அக்கா. அதுதான் களவா இங்க வந்தனான். முதலாளி ஸ்டாட்லர் சாப்பாடும் பழைய கேரவனில படுக்கையும் தாறார். நல்ல மனுசன்."

"யாராவது பார்த்தா?"

"ஒருக்காப் பிடிபட்டுட்டன். ஸ்டேசனில வச்சு. இன்னொருக்காப் பிடிபட்டால் மறியல்தான், உள்ள போட்டுப் பூட்டிப் போடுவாங்கள்."

பாஸ்கரன் குழாயை மூடிவிட்டு, அவர்கள் போகும்வரை ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அன்று காலைப் பலகாரத்தின்போது பச்சை ஜீப் ஒன்று திடலுக்குள் வந்தது. செக்கோஸ்லோவாக்கிய எல்லை பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. எல்லைக் காவலர்கள் விடுமுறை நாட்களில் சுற்றி வருவது வழக்கம்தான். இருவர் இறங்கினார்கள். நீண்ட மேசையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவன் நேரே பாஸ்கரனிடம் வந்தான்.

"பாஸ்போர்ட்."

பேராசிரியர், "இவர் என் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி," என்றார். "இருக்கட்டும்," என்றான் அவன். பாஸ்கரன் கூடாரத்துக்குள் குனிந்து போய்ப் பையைத் துழாவினார். அவர் வெளியே வந்தபோது பேராசிரியரின் வெண்ணெய்க் கத்தி பாதி ரொட்டியில் அப்படியே நின்றிருந்தது. மக்டலீன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, விசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து அல்பேர்ட் கழிப்பறைக் கட்டடத்திலிருந்து துடைப்பமும் வாளியுமாக வெளியே வந்தார். ஜீப்பைக் கண்டு நின்றார். ஓடவில்லை. ஓடியிருந்தால் பத்தடியில் காடு. வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக மேசையை நோக்கி நடந்து வந்தார்.

"இவன் உங்கள் ஆளா?" என்று காவலன் பாஸ்கரனைக் கேட்டான்.

அல்பேர்ட்டிடம் இருந்த ஜெர்மன் பத்து வார்த்தை. அவர் பாஸ்கரனிடம் தமிழில் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, உங்களுக்கு விளங்குமெண்டு எனக்குத் தெரியும். நான் உங்களைப் பாக்க வந்த சொந்தக்காரன் எண்டு சொல்லுங்கோ. இண்டைக்குக் காலமைதான் வந்தவன் எண்டு. வேலை செய்யிறனெண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ. உங்களைக் கும்பிட்டன்."

"என்ன சொல்கிறான்?" என்றான் காவலன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முந்தின நாள் அதைத்தானே சொன்னார். உண்மையோ பொய்யோ, தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். ஆனால் பாஸ்போர்ட் இன்னும் காவலனின் கையில் இருந்தது. 'உங்கள் ஆளா' என்ற கேள்வி பாஸ்கரனின் நெஞ்சில் முள்ளாக நின்றது. தெளிவான, பிழையில்லாத ஜெர்மனில் அவர் சொன்னார்:

"தன்னை என் உறவினன் என்று பொய் சொல்லும்படி கேட்கிறான். இங்கே வேலை செய்வதைச் சொல்ல வேண்டாம் என்கிறான். எனக்கும் இவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இவன் டெக்கண்டார்ஃப் மாவட்டத்தைச் சேர்ந்தவன்."

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னது.

"ஐயோ, என்னங்க!" என்றாள் வத்சலா.

அல்பேர்ட்டுக்கு எல்லாம் புரியவில்லை. ஊர்ப் பெயர் மட்டும் புரிந்தது. திட்டவில்லை. பூட்ஸைக் கழற்றி வாளிக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார், அது ஸ்டாட்லருடையது. காலுறையோடு ஜீப்பில் ஏறினார். காவலன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, "ஒத்துழைப்புக்கு நன்றி," என்றான்.

மேசைக்குத் திரும்பி வந்து பாஸ்கரன் காபியை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. முதலில் வாயைத் திறந்தது மக்டலீன்.

"அப்படியானால் உங்களுக்கு அந்தப் பேச்சு புரியும்," என்றாள். "இதைச் செய்திருக்க வேண்டியதில்லை, டாக்டர் பாஸ்கரன்."

"சட்டம் சட்டம்தானே," என்றார் அவர். பேராசிரியர் மதியமே கேரவனைக் கிளப்பிவிட்டார், ஏதோ வேலை என்று.

அல்பேர்ட்டுக்கு இரண்டு மாதம் சிறை. அது இரண்டாம் முறை மாவட்ட எல்லை தாண்டியதற்கும் அனுமதியில்லாமல் வேலை செய்ததற்கும் சேர்த்து. ஸ்டாட்லருக்கு அபராதம். வத்சலா போன் செய்து ஸ்டாட்லரிடம் இதைத் தெரிந்துகொண்டாள். ஜூலையில் ஒரு நாள் கணவனிடம் சொல்லாமல், பழமும் சோப்பும் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் ரயிலில் போனாள். அவள் திரும்பி வந்தபோது பாஸ்கரன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எங்கே போயிருந்தே?"

"ஜெயிலுக்கு."

"அறிவிருக்கா? லேப்ல யாராவது பார்த்திருந்தா என்ன ஆகும்?"

"ஒருத்தரும் பார்க்கலை," என்றாள். "அவரும் பார்க்கலை. என் பேரைச் சொல்லிக் கேட்டாங்களாம். தனக்கு அப்படி யாரையும் தெரியாதுன்னுட்டாராம்."

பழப்பையை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அது அழுகி வாடை அடிக்கும்வரை இருவருமே அதை எடுக்கவில்லை.

அல்பேர்ட்டின் விண்ணப்பம் அடுத்த குளிர்காலத்தில் நிராகரிக்கப்பட்டது. பிரான்சுக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். டெக்கண்டார்ஃப் விலாசத்துக்கு வத்சலா எழுதிய கடிதம் ஆள் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. மன்னாரில் காத்திருந்தவளுக்கு எழுதலாமென்றால் விலாசம் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பாஸ்கரனுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். வேலையில் குறை சொல்ல ஏதுமில்லை. விருத்தாசலத்தில் அப்பா தெருவுக்கே இனிப்புக் கொடுத்தார். மறு வருடம் செர்னோபில் அணு உலை வெடித்து, மழையில் நஞ்சு இறங்கியதாகப் பேச்சு. ஒருவரும் கூடாரம் போடப் போகவில்லை. எண்பத்தேழு பெந்தகோஸ்தேக்கு முன்பு பாஸ்கரன் தானாகவே மறுபடி பட்டியல் வாங்கி, கட்டம் போட்டு, தெற்கே மலைப்பக்கம் நான்கு இடங்களைக் குறித்துவைத்தார். அந்தத் தாளோடு பேராசிரியரின் அறைக்குப் போனார்.

"இந்த வருடம் போவதாக இல்லை," என்றார் லிண்ட்னர், தலை நிமிராமல். "எல்லோருக்கும் வேறு வேலை."

விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை, ஆய்வுக்கூடத்தில் எல்லோருடைய மூக்கும், கூடாரத்திலிருந்து திரும்பும் வருடங்களில் ஆவதுபோல, வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. பாஸ்கரன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.