ஓரின் சொன்ன ‘ம்’

வாஷிங்டனில் இருக்கிற மொத்த அரசாங்கமும் டாங்கி, ஹெலிகாப்டர், வக்கீல் எல்லாவற்றோடும் திரண்டு வந்தாலும், ஹார்லோ மாவட்ட எல்லையில் துணை ஷெரிஃப் ஓரின் ஸ்டால்கப் ஒற்றை ஆளாக நின்று ஒரு கையால் திருப்பி அனுப்பிவிடுவார். இன்னொரு கையில் இருக்கிற, எங்கள் ஊர் பன் போன்ற பிஸ்கட்டின் மேல் ஊற்றிய வெள்ளைக் குழம்பு ஆறக்கூட ஆறாது. மோசேயே கல்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், மிசௌரி மாநிலச் சட்டப் புத்தகத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். இப்படி ஊரெல்லாம் பேச்சு. அதில் முக்கால்வாசியைப் பேசியது ஓரின்தான்.

உண்மையில் அவர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியது, ஷெரிஃப் ஆபீசில் ஒரு சட்டை காலியாக இருந்தது, அளவும் சரியாக இருந்தது, போட்டுக்கொண்டார். இத்தனை வருஷத்தில் மனிதர் யாரையும் சுட்டதில்லை. அதிகம் பிடித்தது ரோட்டில் படுத்துக்கொள்ளும் மாடுகளை. சர்ச்சில் சோகமான பாட்டு வந்தால் கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று சொல்லித் துடைத்துக்கொள்வார். அந்தத் தூசி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விழும்.

துப்பாக்கிச் சட்டம் மாநிலத்தில் நிறைவேறிய வாரம், கோர்ட்டுப் படிக்கட்டில் ஏறி நின்று அவர் போட்ட சத்தம் இன்றைக்கும் பிரசித்தம்.

“இந்த மாவட்டத்துல ஒருத்தன் துப்பாக்கிய எடுக்கணும்னா, வாஷிங்டன்காரன் மொதல்ல எங்கிட்ட வந்து தொப்பியக் கழட்டிட்டுக் கேக்கணும்! நான் இல்லம்பேன்!”

கூட்டம் விசிலடித்தது. எல்லையில் பலகை வைத்தார்கள்: ‘மத்திய அதிகாரிகளே, உங்கள் துப்பாக்கிச் சட்டம் இங்கே செல்லாது.’ மறுவாரம் அதன் கீழே யாரோ ‘மாடுகளுக்கும் இது பொருந்தும்’ என்று எழுதி வைத்தார்கள். யார் என்று ஓரின் ரொம்ப நாள் தேடினார். அதைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

சட்டம் சொன்னது இவ்வளவுதான். துப்பாக்கி விஷயத்தில் வாஷிங்டன் போட்ட விதி மாநிலப் புத்தகத்தில் இல்லையென்றால், உள்ளூர் போலீஸ் அதற்குக் கைகொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஆபீஸ்மேல் வழக்கு, முதுகு ஒடிகிற அபராதம். பெண்டாட்டியை அடித்துத் தண்டனை வாங்கியவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது வாஷிங்டன் விதி. மிசௌரி புத்தகத்தில் அந்த வரி இல்லை. படிக்கட்டில் நின்று கத்தியபோது ஓரினுக்கு இது தெரியாது. விசிலடித்தவர்களுக்கும் தெரியாது. வாஷிங்டன் என்றால் நம்முடைய மான் துப்பாக்கியைப் பிடுங்க வருகிறவன் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வசந்த காலத்தில் கிளீட் போக் தன் மனைவி வெர்லினை அடித்தான். கிளீட் விறகு லாரி ஓட்டுகிறவன், குடிக்காதபோது தமாஷான ஆள். ஓரின் போனபோது வெர்லினின் ஒரு கண் மூடிக்கிடந்தது. மகள் மேஸி மேசைக்கு அடியில் இருந்தாள். ஓரின் கிளீட்டை வண்டியில் ஏற்றினார், சுவரில் மாட்டியிருந்த ரைஃபிளையும் எடுத்துக்கொண்டார். வெர்லின் கேட்டது அதைப் பற்றித்தான்.

“அத எங்க வைப்பீங்க, ஓரின்?”

“என் அலமாரில. சாவி என் பெல்ட்டுல தொங்குது. நீ பயப்படாத.”

அவள் மகளோடு பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கிளீட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தான்.

நவம்பரில், மான் வேட்டை தொடங்குகிற வாரம், கிளீட் தலைவாரிக்கொண்டு ஷெரிஃப் ஆபீசுக்கு வந்தான்.

“ஓரின், என் ரைஃபிள் உங்ககிட்ட ரொம்ப நாளா விருந்தாளியா இருக்கு. வீட்டுக்கு அனுப்பி வைங்க.”

ஓரின் உள்ளே போய் ஷெரிஃப் வெர்னன் ரகிள்ஸைப் பார்த்தார்.

“ஷெரிஃப், ஸ்பிரிங்ஃபீல்டுல மத்திய ஆளுங்களுக்கு ஒரு போன் போட்டா, அவங்களே வந்து வாங்கிட்டுப் போயிடுவாங்க. நம்ம கை படாது.”

“போன் போடறதும் கை படறதுதான். சட்டத்தப் படிச்சியா?”

“வெர்லின் கண்ணப் பார்த்தேன்.”

“நானும் பார்த்தேன். ஆனா அபராதம் விழுந்தா உன் சம்பளம், என் சம்பளம், ஆம்புலன்ஸ் எல்லாம் அதுலதான் போகும். படிக்கட்டுல நின்னு கத்தினது யாரு? நானா?”

ஓரினுக்கு, தன் வாயால் போட்ட பூட்டுக்குத் தானே சாவி கேட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது.

அவர் அலமாரியைத் திறந்தார். உள்ளே ஈரம், ரைஃபிளின் குழலில் துரு பூத்திருந்தது. இங்கேதான் அவர் எங்கள் ஊர்க்காரர் என்பது தெரிகிறது. வேறு ஊராக இருந்தால் அப்படியே நீட்டியிருப்பார்கள். எங்கள் பக்கம் இரவல் வாங்கிய பிக்கப் வண்டியைப் பெட்ரோல் நிரப்பாமல் திருப்பித் தர மாட்டோம். ஒருவனுடைய துப்பாக்கியை அழுக்காகக் கொடுப்பது அவன் அம்மாவைத் திட்டுவதற்குச் சமம். அதனால் ஓரின் உட்கார்ந்து, எண்ணெய் போட்டு, துருவைத் தேய்த்து, பழந்துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. முடித்துத் தூக்கிப் பார்த்தபோதுதான் என்ன செய்திருக்கிறோம் என்று உறைத்தது.

“அடேயப்பா! வாங்கினப்போ கூட இப்படி இல்ல,” என்றான் கிளீட். “மான் விழுந்தா தொடைக் கறி உங்களுக்குத்தான்.”

“வேட்டை நல்லா அமையட்டும்,” என்றார் ஓரின். எல்லாருக்கும் சொல்கிற வார்த்தைதான். வாய்விட்டு வெளியே வந்த பிறகு அதைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

அடுத்த நாள் வெர்லின் போன் செய்தாள்.

“ஓரின், மேஸிக்குக் குளிர் கோட்டு இல்ல. என் தையல் மிஷினும் அங்கதான் கிடக்கு. ஞாயித்துக்கிழம கிளீட்டு எப்பவும் போல கூட்டாளிங்களோட வேட்ட முகாமுக்குப் போயிருப்பான், அந்த நேரத்துல போய் எடுத்துட்டு வந்திரலாம்னு இருக்கேன். அவன் இருந்தாலும் பரவால்ல, வாய்ச்சண்ட போடுவான், போட்டுட்டுப் போறான். அது உங்க அலமாரிலதான இருக்கு?”

இந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. இல்லை, கொடுத்துவிட்டேன். என்னால் முடியவில்லை. நீ போகாதே. ஓரின் மேசைமேல் கிடந்த எண்ணெய்த் துணியைப் பார்த்தார்.

“ம்,” என்றார்.

“அப்பாடா. அது போதும்.”

போன் வைத்த பிறகு டாட் கடைக்குச் சாப்பிடப் போனார். டாட் தட்டை வைத்தாள். குழம்பின் மேல் ஏடு படிந்தது. ஓரின் கரண்டியைத் தொடவில்லை.

“என்ன, வாஷிங்டன்காரன் வந்து பசியப் பிடுங்கிட்டுப் போயிட்டானா?” என்றாள் டாட்.

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். வழக்கமாக அவரும் ஒன்று திருப்பிக் கொடுப்பார். அன்றைக்கு எழுந்து போய்விட்டார்.

வெர்லினைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் அக்கா வீடு பள்ளத்தாக்குக்குள், அங்கே சிக்னல் மனது வைத்தால்தான் உண்டு. மணி அடித்தால் எடுத்துவிடுவாளே என்று பயம், அடிக்காவிட்டால் அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காக இன்னொரு முறை கூப்பிடுவார். சனிக்கிழமை விடிந்ததும் காட்டுப்பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வருஷா வருஷம் கேட்கிற சத்தம்தான். ஒவ்வொரு வெடிக்கும் ஓரினின் தோள் குலுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் பாதியில் இருக்கும்போது அவர் எழுந்தார். பெஞ்சு கிறீச்சிட்டது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே மழை. வண்டியை எடுத்துக்கொண்டு, வெர்லின் வருகிற வழியில் இருக்கும் ஓடையின் தாழ்பாலத்துக்குப் போய், குறுக்கே நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். வெர்லினின் கார் வந்தது. பின்சீட்டில் மேஸி.

“என்ன ஓரின், பாலம் மூழ்கிடுச்சா?”

“வெர்லின், அது அலமாரில இல்ல. நான்தான் குடுத்தேன். தொடச்சு, எண்ணெ போட்டுக் குடுத்தேன். நீ கேட்டப்போ பொய் சொன்னேன்.”

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். காரைத் திருப்பிக்கொண்டு போனாள். ஓரின் மழையிலேயே நின்றார். மனசு லேசானது.

இவ்வளவையும் எழுதி, ஓரினிடமே படிக்கக் கொடுத்தாயிற்று. எழுதியவன் நான், அவருடைய தங்கை மகன். அவர் போலீஸ் வண்டிக்குள் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மாட்டு ஜோக்குக்குச் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இந்தப் பாலம் எங்கருந்துடா வந்துச்சு?”

“எந்தப் பாலம், மாமா?”

“நடிக்காத. நான் எந்தப் பாலத்துக்கும் போகல. சர்ச்சுல உக்காந்திருந்தேன். கடைசிப் பாட்டு வரைக்கும் சத்தமாப் பாடினேன். மழையும் பெய்யல.”

“அது... கதைக்காக...”

“கிளீட்டு அன்னிக்கு முகாமுக்குப் போகல. அவ கதவத் திறந்தா, அவன் மடில ரைஃபிளோட உக்காந்திருக்கான். சுடல. உக்காருன்னான். அவளையும் மேஸியையும் சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்க விடல. அவன் தூங்கின பொறகு கோட்டுகூட எடுக்காம ஓடி வந்தாங்க. இது ஊருக்கே தெரியும். உனக்கும் தெரியும்.”

“தெரியும், மாமா.”

“அப்புறம் ஏன்டா?”

இதற்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அழுகை வந்துவிடும், பிறகு ஊரில் தலைகாட்ட முடியாது.

ஓரின் தாள்களை மடித்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

“என்ன மன்னிச்சு விடற அதிகாரம் உங்கிட்ட இல்ல. அது வெர்லின்கிட்ட இருக்கு, அவ இன்னும் குடுக்கல. பாலத்த எடுத்துட்டு எழுதிட்டு வா.”