மேலூரில் ஒன்பது பேர்

செய்தி வந்தபோது தாம்பரம் ரயில் நிலையத்தின் படிக்கட்டில் காலைக் கூட்டத்தோடு ஏறிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ரஹ்மத் அக்காவின் கணவர் யூசுப் அண்ணனின் குரல். "செல்வி, ரஹ்மத் மவுத்தாயிட்டாம்மா. விடியல்ல, சுபுஹு தொழுகைக்கு அப்புறம்தான். லுஹர் தொழுதுட்டு அடக்கம்." அவ்வளவுதான் சொன்னார். பின்னாலிருந்து யாரோ, "இன்னாம்மா, நடுவுல நின்னுகினு? ஏறும்மா!" என்று கத்தினார். ஏறினேன். மேலே போனதும் எந்தப் பக்கம் இறங்குவதென்று தெரியவில்லை.

ரஹ்மத் அக்காவோடு தாம்பரம் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் வேலை பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் புத்தகங்களைக் கணினியில் அடித்து அனுப்புவோம். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஒருவர் திரையை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டையும் கணினி ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும். புத்தகத்திலேயே தப்பு இருந்தாலும் திருத்துவது நம் வேலையில்லை. இருப்பதை இருப்பதுபோல் அடிக்க வேண்டும். ஆறு வருடம் அக்காவும் நானும் ஜோடி. "கண்ணுல படறதை அடி. மனசுல படறதை அடிக்காத" என்பார். வாழ்க்கைக்கும் அதே சட்டம்தான். ஒரு தீபாவளிக்கு நான் கடுகு நிறத்தில் சுடிதார் எடுத்தேன். எல்லோரும் அழகு என்றார்கள். அக்கா மட்டும், "மஞ்சக்காமாலை வந்தவ மாதிரி இருக்க, போய் மாத்திட்டு வா" என்றார். கோபம் வந்தது. ஆனாலும் அதை மறுபடி போடவில்லை.

ஆண்டுக்கொரு முறை ஆல்ப்ஸ் மலை ஊர்களின் விவரப் புத்தகம் ஒன்று வரும். ஊர்ப் பெயர், கடல் மட்டத்திலிருந்து உயரம், பரப்பு, மக்கள்தொகை என்று பக்கம் பக்கமாக. அதில் ஒரு குட்டி ஊர். அதன் பெயர் வாயில் நுழையாது என்பதால் அக்கா அதற்கு மேலூர் என்று பெயர் வைத்தார். வடக்கே பாறை முகடு, தெற்கே ஓடை. நிலத்தில் பெரும்பகுதி பாறையும் காடும்தான். பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வர ஒரே சாலை. பனிக்காலத்தில் அதையும் அடைத்துவிடுவார்கள். ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், நாற்பத்தொரு பேர். "எங்க ஊரப்பாக்கம் தெருவுல தண்ணி லாரி வந்தா இதைவிட ஜாஸ்தி பேர் நிப்பாங்கடி" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பனியில ரோடு மூடிடுச்சுன்னா, யாருக்காவது பிரசவ வலி வந்தா என்ன பண்ணுவாங்க?" என்று கவலைப்பட்டார். அன்று மதியம் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த பதிப்பில் அந்த ஊருக்கு நேரே பதினான்கு என்று இருந்தது. எண்களை மாற்றிப் போட்டுவிட்டார்கள், பாவம், என்று நினைத்து நான் நாற்பத்தொன்று என்றே அடித்தேன். அக்கா பதினான்கு என்று அடித்திருந்தார். சிவப்பு விழுந்தது. "உனக்கு அந்த ஊர் மேல பாசம்னா, என்ன ஆச்சுன்னு க்வெரி போடு. நம்பரை ஏன் மாத்தற? நீ அடிச்சா அந்த இருபத்தேழு பேரும் திரும்பி வந்துடுவாங்களா?" என்றார். பதிப்பகத்துக்குக் கேள்வியை அனுப்பினோம். பதில் வந்தது: எண் சரிதான், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் குடும்பங்கள் கீழே இறங்கிவிட்டன. பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி தாம்பரத்திலிருந்து யாருக்கு எழுதுவது? அக்கா பெருமூச்சு விட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் ஆயிற்று. வேலைக்கு வருவது நின்றது. அவர் நாற்காலியில் மெர்சி வந்து உட்கார்ந்தாள். அந்த ஆண்டுப் புத்தகத்தை மெர்சியும் நானும் அடித்தோம். மேலூருக்கு ஒன்பது. இந்த முறை சிவப்பு விழவில்லை.

ஒரு புதன்கிழமை அக்காவைப் பார்க்க ஊரப்பாக்கம் போனேன். யூசுப் அண்ணன் கேட்டிலேயே நிறுத்தினார். "ரெண்டு வாரம் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. அவகிட்ட சொல்லிடாத, பயந்துடுவா. பையன் அன்வருக்கும் சொல்லல. ஷார்ஜாவுல லீவு கேட்டிருக்கான், பெருநாளுக்கு வந்துடுவான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருநாளுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. தலையாட்டினேன்.

அக்கா பாதியாகியிருந்தார். "எல்லாரும் நல்லாயிடும், நல்லாயிடும்ங்கறாங்க செல்வி. நிஜம் தெரிஞ்சா அன்வரை இப்பவே வரச் சொல்லிடுவேன். நானா கூப்பிட்டா வேலையை விட்டுட்டுகூட ஓடி வந்துடுவான். சும்மா பயத்துல கூப்பிட்டு அவன் பொழப்பைக் கெடுக்கவும் மனசு வரல" என்றார். நான் போர்வையைச் சரிசெய்தேன். "சரி, அதை விடு. மேலூர்ல இந்தத் தடவை எத்தனை பேர்?"

"பதினாறு, அக்கா. ரெண்டு பேர் கூடியிருக்காங்க" என்றேன்.

"அப்படியா, நல்லது. டீ குடிச்சிட்டுப் போ" என்றார். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அவரைச் சந்தோஷப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் நான் ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.

பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள்தான் அன்வர் வந்து இறங்கினான். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, "அம்மா ஒரு வார்த்தை கூப்பிடலையே, அக்கா" என்று என்னிடம் கேட்டான். அவன் பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

அலுவலகத்தில் மெர்சி அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க பாக்கப் போனீங்களே, அந்த வாரம் திங்கட்கிழமையே எனக்குப் போன் பண்ணாங்க. மேலூர் எவ்வளவுன்னு கேட்டாங்க. ஒன்பதுன்னேன். சரின்னு வெச்சிட்டாங்க."

நான் போனது புதன்கிழமை. தெரிந்துகொண்டுதான் என்னைக் கேட்டிருக்கிறார். வீட்டில் ஒருவரும் உண்மையைச் சொல்லாதபோது, ஆறு வருட ஜோடியாவது உள்ளதைச் சொல்வாளா என்று பார்த்திருக்கிறார். ஒன்பது என்று சொல்லியிருந்தால், தன் உடம்பைப் பற்றிய அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார். யூசுப் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பதில் சொல்லியிருப்பேனா? தெரியாது. சொல்லியிருப்பேன் என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

அவரிடமிருந்து உங்களிடம் எவ்வளவோ நல்லது தங்கியிருக்கும். என்னிடம் இருப்பது, அவர் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி மட்டும்தான். டாக்டர் ரெண்டு வாரம்னுதான் சொன்னாரு, அக்கா. அன்வரை உடனே வரச் சொல்லுங்க.