பௌர்ணமிக்குப் பௌர்ணமி கைமாறிய வீடியோ கேம்

கேசட்டை எடுத்து அடிப்பக்கம் 'ஃபூ'னு ஊதினா மல்லாட்டைத் தோல் பறக்கும். செவப்பா, மெல்லிசா... ஊதினவங்க மூக்கு மேலயே வந்து ஒட்டிக்கும்.

வேர்க்கடலையை எங்க பக்கம் மல்லாட்டைனுதான் சொல்லுவோம். அது வீடியோ கேம் கேசட்டுக்குள்ள எப்படிப் போச்சுன்னா, அதுக்கு எங்க அக்காவோட ஒயர் கூடைதான் காரணம்.

தொண்ணூறுகளின் நடுவுல நடந்தது இது. சிங்கப்பூர்ல வேலை பார்த்த எங்க தம்பி, லீவுல வந்தப்போ ஒரு வீடியோ கேம் செட் கொண்டாந்தான். ஒண்ணே ஒண்ணு. "ரெண்டு அக்கா பிள்ளைங்களுக்கும் பொதுவா வெச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டு ஃப்ளைட் ஏறிட்டான்.

அக்கா வீடு கீழ்பென்னாத்தூர்ல. எங்க வீடு திருவண்ணாமலையில. நடுவுல பஸ் பயணம். இதுல பொதுவா எப்படி வெச்சுக்கறது?

வழி கண்டுபிடிச்சது பிள்ளைங்கதான். அக்கா குடும்பம் மாசாமாசம் பௌர்ணமிக்கு கிரிவலம் வரும். மத்தியானமே எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் நடக்கக் கிளம்புவாங்க. அன்னிக்கு செட் கைமாறணும். ஒரு மாசம் அவங்க டர்ன், ஒரு மாசம் எங்க டர்ன்.

அக்கா எங்களுக்காக வறுத்த மல்லாட்டை எடுத்துட்டு வருவா. செட்டைத் துண்டுல சுத்தி, அந்தக் கூடையிலயே மேலாக வெச்சுடுவா. பஸ் குலுக்குற குலுக்கல்ல தோலெல்லாம் கேசட்டுக்குள்ள போயிடும்.

எங்க பொண்ணு கவிதாவுக்கு அப்போ பதினொரு வயசு. அக்கா பையன் பாலு அவளைவிட ஒரு வயசு பெரியவன். மாசம் முழுக்க அவங்கவங்க வீட்ல தனியாத்தான் ஆடணும். கைமாறுற அந்த மத்தியானம் மட்டும் ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்து ஆடுவாங்க. கவிதா அதுக்காகவே காலண்டர்ல பௌர்ணமியை வட்டம் போட்டு வெப்பா.

இதைக் கெடுத்தது நான்தான்.

நான் டீச்சர். எதுக்கும் உதாரணம் சொல்லியே பழக்கம். ஒரு பௌர்ணமி, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்காங்க. அக்காவோட மாமியாரும் இருக்காங்க. பாலு கால் பரீட்சையில கணக்குல முப்பத்தெட்டு வாங்கியிருக்கான்னு பேச்சு வந்துச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இப்போ பாருங்க. அதே வீடியோ கேம். அங்க ஒரு மாசம், இங்க ஒரு மாசம். அங்க முப்பத்தெட்டு, இங்க தொண்ணூறு. அப்போ வித்தியாசம் எங்க இருக்கு?"

கரும்பலகை முன்னாடி நின்னு கேக்கற மாதிரியே கேட்டேன்.

பாலு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அக்கா ரசக் கரண்டியை எடுத்தா. "ரசம் ஊத்தட்டா?"ன்னு மட்டும் கேட்டா. அன்னிக்கு எங்க டர்ன் ஆரம்பம். செட்டை வெச்சுட்டுக் கிளம்பிட்டாங்க.

அடுத்த பௌர்ணமிக்கு அவங்க வரல.

கவிதா காலையிலயே வயரெல்லாம் சுருட்டி, துண்டுல சுத்தி, கூடையில வெச்சுட்டா. கேட் பக்கத்துல நின்னு தெருவையே பார்த்துக்கிட்டிருந்தா. ஊரே ஜனமா நிறைஞ்சிருந்துச்சு. நமக்கு வேண்டியவங்க மட்டும் வரல.

மறுநாள் "எடுத்து ஆடேன்"னு சொன்னேன்.

"நம்ம டர்ன் முடிஞ்சிடுச்சும்மா. இது பாலு அண்ணா டர்ன்."

ஒரு வாரம் ஆச்சு. கூடை ஷெல்ஃபுக்குக் கீழ அப்படியே இருந்துச்சு. ஒருநாள் தலை பின்னும்போது மெதுவா கேட்டா: "அம்மா... நான் மார்க் ஜாஸ்தி வாங்கினதாலதான் அவங்க வரலையா?"

பாதிப் பின்னலோட அவளைத் திருப்பி, "இல்லடி. ஞாயித்துக்கிழமை நாமளே கொண்டுபோய்க் குடுத்துடலாம்"னேன்.

அந்த ஞாயித்துக்கிழமை கூடையை மடியில வெச்சுக்கிட்டு, கவிதாவோட கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். வழி முழுக்க என்ன பேசறதுன்னு யோசிச்சேன். ஒரு உதாரணம்கூட வரல.

அக்கா வாசல்ல மல்லாட்டை காய வெச்சுக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தா.

"வாங்க டீச்சர். வித்தியாசம் கண்டுபிடிக்க வந்தீங்களா?"

"கண்டுபிடிச்சுட்டேன்க்கா. எனக்குத்தான் வாய் ஜாஸ்தி."

அக்கா கூடையை வாங்கிக்கிட்டா. துண்டை விலக்கிப் பார்த்தா. "எங்க டர்ன்ல பன்னண்டு நாள் போச்சே. இதுக்கு யார் பொறுப்பு?"

கவிதா சட்டுன்னு, "எங்க டர்ன்ல பன்னண்டு நாள் கழிச்சுக்கங்க பெரியம்மா"ன்னா.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "தொண்ணூறு வாங்கினவ சொன்னா கணக்கு சரியாத்தான் இருக்கும்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். பாலு அதுக்குள்ள கேம் வயரைச் சொருக டிவியில ஆன்டெனா வயரைக் கழட்டி வெச்சுட்டு, "ஏய் கவி, சீக்கிரம் வா!"ன்னு கத்தறான்.

திரும்பி வரும்போது கூடை நிறைய மல்லாட்டை.

இப்போ கவிதா பெங்களூர்ல, பாலு சென்னையில. அவங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் தினமும் சேர்ந்து ஆடறாங்க... ஆளுக்கொரு ஃபோன்ல, அவங்கவங்க வீட்ல இருந்தே. பார்க்க நல்லாத்தான் இருக்கு. காத்திருக்க வேணாம், யார் டர்ன்னு சண்டை வேணாம். ஆனா ரெண்டு பேரும் நேர்ல பார்த்து ஒன்றரை வருஷம் ஆச்சு.

அந்த செட் கடைசியா தங்கினது அக்கா வீட்ல. பரண் மேல இன்னும் இருக்கு. ஓடாது. ஓடினாலும் அந்த வயரைச் சொருக இப்போ இருக்கற டிவியில இடமில்ல. அக்காவுக்கு முழங்கால் வலி, கிரிவலம் வர்றதை விட்டுட்டா. ஆனா பௌர்ணமி தவறாம ஃபோன் பண்ணுவா.

"இன்னும் எங்க டர்னே ஓடுதுடி. வந்து எடுத்துட்டுப் போயேன்."

"அடுத்த பௌர்ணமிக்கு வரேன்க்கா"ன்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

இந்தத் தடவை நிஜமாவே போய் எடுத்துட்டு வந்துடப் போறேன். அது என் வீட்ல இருந்தாத்தானே, அதைக் கேட்டுக்கிட்டு அக்கா இங்க வருவா.